மூக்குச் சீரமைப்பு அறுவை சிகிச்சை: வடிவமும் மூச்சும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு மூக்கில் இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. முதலாவது, பக்கவாட்டில் பார்த்தால் துருத்திக்கொண்டு தெரிந்த மேட்டை எடுப்பதற்கு. நான்கு ஆண்டுகள் கழித்து இரண்டாவது, முதல் அறுவையால் குறுகிப்போன மூச்சுப் பாதையைத் திறப்பதற்கு. இது தெரிந்தவர்கள், தங்களுக்கோ தங்கள் பிள்ளைகளுக்கோ ரைனோபிளாஸ்டி செய்யலாமா என்ற யோசனை வந்ததும் என்னிடம் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. படித்ததும் பட்டதும்தான் இதில் இருக்கின்றன. உங்கள் மூக்கைச் சோதித்துப் பார்த்த மருத்துவர் சொல்வதற்கே முதலிடம் கொடுங்கள்.

மூக்கின் வடிவத்தை மாற்றினால் மூச்சும் மாறுமா?

மாறும். நல்லபடியாகவும் மாறலாம், கெடவும் செய்யலாம். காரணம் மூக்கின் கட்டுமானத்திலேயே இருக்கிறது.

மூக்கில் மேலே மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு. அதற்குக் கீழே முழுக்கக் குருத்தெலும்பு. செப்டம் என்று டாக்டர்கள் சொல்லும் நடுத்தண்டு இரண்டு துவாரங்களையும் பிரிக்கிறது. அதன் இரு பக்கமும் ஓட்டுவீட்டுக் கூரை சரிவதுபோல மேல்பக்கக் குருத்தெலும்புகள் சரிந்து நிற்கின்றன. நுனியையும் துவார விளிம்பையும் இன்னொரு ஜோடிக் குருத்தெலும்புகள் தாங்குகின்றன. வெளியே தெரியும் வடிவமும் உள்ளே காற்று போகும் வழியும் இந்த ஒரே சட்டகத்தின் இரண்டு பக்கங்கள். வெளியில் ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் உள்ளேயும் ஏதோ ஒன்று நகர்கிறது.

மேல்பக்கக் குருத்தெலும்பு நடுத்தண்டோடு சேரும் இடத்தில் 10 முதல் 15 டிகிரி வரையிலான ஒரு குறுகிய கோணம் உண்டு. அதை உள் வால்வு என்கிறார்கள். மூச்சுப் பாதையிலேயே மிகக் குறுகலான இடம் அதுதான். மூக்கு வழியாகப் போகும் காற்றுக்கு ஏற்படும் தடையில் பெரும்பங்கு அங்கேயே ஏற்படுகிறது. குழாயின் ஆரம் பாதியானால் அதில் சீராக ஓடும் காற்றுக்கான தடை 16 மடங்காகிறது என்பது இயற்பியல். மூக்கு நேரான குழாய் இல்லை என்றாலும் போக்கு இதேதான். அந்த இடத்தில் கொஞ்சம் குறுகினாலும் மூச்சு நிறையவே கனக்கும்.

மேட்டை எடுத்த பிறகு சிலருக்கு ஏன் மூச்சு அடைக்கிறது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் அதிகம் யோசித்ததும் இதைத்தான்.

மேடு என்பது எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்தது. அதைச் சீவி எடுக்கும்போது நடுத்தண்டும் இரு பக்கக் குருத்தெலும்புகளும் ஒன்றாகப் பிணைந்திருந்த கூரையின் முகடு போய்விடுகிறது. மேலே ஓர் இடைவெளி விழுகிறது. அதை மூடுவதற்காகப் பக்க எலும்புகளை வெட்டி உள்ளே நகர்த்துகிறார்கள். மூக்கு மெலிந்து, நேராக, படத்தில் கேட்டதுபோலவே ஆகிவிடும். பிடிமானம் இழந்த பக்கக் குருத்தெலும்புகள் மட்டும் மாதக்கணக்கில் மெதுவாக உள்நோக்கிச் சரியும். ஆரம்பத்தில் வீக்கம் அதை மறைத்துவிடுகிறது. வீக்கம் வடிந்த பிறகு மூக்கின் நடுவில் தலைகீழ் ‘வி’ எழுத்துபோல ஒரு நிழல் தெரியும். ஆழமாக மூச்சிழுத்தால் பக்கச் சுவர்கள் உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு நடந்தது இதுதான். முதல் ஆண்டு எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாம் ஆண்டு மாடிப்படி ஏறும்போது வாய் தானாகத் திறந்துகொண்டது. இரவில் நாக்கு வறண்டு எழுந்தேன். சளி என்று நினைத்து மாதக்கணக்கில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். முதல் முறை என்னைப் பார்த்த மருத்துவர் வெளியிலிருந்து மூக்கைப் படம் எடுத்தார். உள்ளே விளக்கு வைத்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. மூச்சைப் பற்றி ஒரு கேள்வி கூட அன்று எழவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை உங்களைக் கேட்கவைக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இதைத் தடுக்க வழி இல்லையா?

இருக்கிறது. நடுத்தண்டுக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் நடுவே தீக்குச்சிபோல மெல்லிய குருத்தெலும்புப் பட்டையைச் செருகி அந்தக் கோணம் மூடாமல் நிறுத்தலாம். ஸ்ப்ரெடர் கிராஃப்ட் என்பது அதன் பெயர். ஜாக் ஷீன் என்ற அறுவை மருத்துவர் 1984இல் இதை விவரித்தார். இன்று மேட்டை எடுக்கும் அறுவையில் இது மிகச் சாதாரணமான ஒரு படி. பக்கக் குருத்தெலும்பின் மிஞ்சிய விளிம்பை வெட்டி எறியாமல் உள்ளே மடித்துத் தைத்தும் இதே பலனைப் பெறலாம்.

இன்னொரு வழி, கூரையின் முகட்டைத் தொடாமலேயே அடியில் கொஞ்சம் எடுத்துவிட்டு முழுக் கூரையையும் கீழே இறக்குவது. இந்த எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இருந்தது. நடுவில் பலர் கைவிட்டார்கள். இப்போது பிரிசர்வேஷன் ரைனோபிளாஸ்டி என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது. எல்லா மூக்குக்கும் இது ஒத்துவராது. கோணலான மூக்கு, முன்பே அறுவை நடந்த மூக்கு என்றால் பழைய முறையே பெரும்பாலும் பொருந்தும்.

எனக்கு இப்போது மூச்சில் ஒரு குறையும் இல்லை. நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

இழப்பதற்கு உங்களிடம் ஒன்று இருக்கிறது, அதனால்தான். குறிப்பாக மூக்கெலும்பு குட்டையாக இருப்பவர்கள், தோல் மெல்லியவர்கள், மூக்கு ஏற்கெனவே ஒடுங்கி நீண்டிருப்பவர்கள் ஆகியோருக்குப் பக்கச் சுவர் சரியும் வாய்ப்பு கூடுதல். மருத்துவர் இதையெல்லாம் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். மூக்கை ஒட்டிய கன்னத்தை விரலால் மெதுவாக வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு மூச்சிழுங்கள். சட்டென்று இதமாக இருந்தால் வால்வுப் பகுதி குறுகலாக இருக்கலாம். காட்டில் (Cottle) சோதனை என்று இதைச் சொல்வார்கள். ஒரு பிரச்சினையும் இல்லாத பலருக்கும் இப்படி இழுத்தால் கொஞ்சம் இதமாகத்தான் இருக்கும் என்பதால் இதை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

ஒரு நேரம் வலது பக்கம் அடைக்கிறது, ஒரு நேரம் இடது பக்கம். இது நோயா?

இல்லை. உள்ளே இருக்கும் திசுக்கள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி வீங்கி வடிவது உடம்பின் இயல்பு. 1895இலேயே இதை விவரித்துவிட்டார்கள். எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருந்தால் காட்டுங்கள்.

நடுத்தண்டு வளைவை மட்டும் சரிசெய்தால் மூக்கு வெளியிலும் நேராகிவிடுமா?

வளைவு உள்ளே ஆழத்தில் இருந்தால் செப்டோபிளாஸ்டி மட்டும் போதும். வெளித்தோற்றம் அநேகமாக மாறாது. வளைவு தண்டின் மேல் விளிம்பிலோ முன் விளிம்பிலோ இருந்தால் நிலைமை வேறு. மூக்கு வெளியிலும் கோணலாகத் தெரியும், நுனியும் ஒரு பக்கம் சாயும். அப்போது இரண்டையும் ஒரே அறுவையில் சேர்த்துச் செய்வதுதான் முறை. வெளியே எலும்பை மட்டும் நேராக்கிவிட்டு உள்ளே வளைந்த தண்டை அப்படியே விட்டால் அது மூக்கை மறுபடி தன் பக்கம் இழுக்கும்.

தண்டிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. மேல் விளிம்பிலும் முன் விளிம்பிலும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு விட்டுவைக்க வேண்டும். மூக்கைத் தாங்கும் தூணும் உத்தரமும் அவைதாம். அதற்கும் குறைந்தால் மூக்கின் நடுப்பகுதி குதிரைச் சேணம்போல அமுங்கிவிடக்கூடும்.

நுனியைச் சிறிதாக்கினால் என்ன ஆகும்?

நுனிக் குருத்தெலும்பை அளவுக்கு மீறி வெட்டினால் நுனி கிள்ளியதுபோல ஆகிவிடும்; துவார ஓரம் மூச்சிழுக்கும்போது உள்ளே மடங்கும். வெட்டுவதைவிடத் தையல் போட்டு வடிவம் கொடுப்பதையே இப்போது பலர் விரும்புகிறார்கள். துவாரத்தின் அடி அகலத்தைக் குறைப்பதிலும் நிதானம் வேண்டும். அகலமாக விட்டதைப் பிறகு குறைக்கலாம்; குறைத்ததை விரிப்பது மிகக் கடினம். நுனி சில மாதங்கள் மரத்துக் கிடக்கும். உணர்வு பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

குருத்தெலும்பு எங்கிருந்து எடுப்பார்கள்? சிலிகான் வைக்கலாமா?

முதலில் மூக்கின் நடுத்தண்டிலிருந்தே எடுப்பார்கள். அது போதாவிட்டால் காது, அதுவும் போதாவிட்டால் விலா. காதில் எடுத்தால் காதின் உருவம் பெரிதாக மாறாது, ஆனால் அந்தக் குருத்தெலும்பு வளைந்தது, மென்மையானது. விலாவில் வேண்டிய அளவு கிடைக்கும், உறுதியாகவும் இருக்கும். காலப்போக்கில் முறுக்கிக்கொள்ளலாம், எடுத்த இடம் சில வாரங்கள் இருமினால் வலிக்கும். எனக்கு இரண்டாம் முறை காதிலிருந்து எடுத்தார்கள். தண்டில் இருந்ததை முதல் அறுவையிலேயே எடுத்துவிட்டிருந்தார்கள்.

சிலிகான் வைத்து உயர்த்தினால் இன்னொரு இடத்தில் கீறல் வேண்டாம், வேலையும் சீக்கிரம் முடியும். ஆண்டுகள் கழித்துக்கூட அது நகரலாம், கிருமி தொற்றலாம், தோலை மெலிதாக்கி வெளியே வரலாம். என் உடம்பின் திசு இருக்கும்வரை நான் அதையே கேட்பேன்.

கீறல் வெளியே தெரியுமா?

மூடிய முறையில் எல்லாம் துவாரத்துக்கு உள்ளே. திறந்த முறையில் இரண்டு துவாரங்களுக்கும் நடுவே உள்ள சதைத் தூணில் சிறு கீறல் வரும். ஓர் ஆண்டில் அது பெரும்பாலானவர்களுக்கு அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கிவிடும். எந்த முறையில் உங்கள் மருத்துவருக்குக் கைப்பழக்கம் அதிகம் என்று கேளுங்கள்.

அறுவைக்குப் பிறகு எத்தனை நாளில் முழு வடிவம் தெரியும்?

ஓர் ஆண்டு. தோல் தடித்தவர்களுக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். இந்தக் காத்திருப்புக்கு மனதைத் தயார்செய்துகொள்ளாமல் யாரும் போகக் கூடாது என்பேன்.

முதல் வாரம் மூக்கின் மேல் அதை அசையாமல் பிடித்துவைக்கும் ஸ்பிளிண்ட் என்ற கட்டு இருக்கும். கண்ணைச் சுற்றிக் கன்றிப்போய், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வந்து, இரண்டு வாரத்துக்குள் பெருமளவு மறையும். வலி எதிர்பார்ப்பதைவிடக் குறைவு; மூக்கடைப்பும் வாய்வழி மூச்சும்தான் பாடாய்ப்படுத்தும். ஸ்பிளிண்டை எடுக்கும் நாளில் கண்ணாடியில் தெரிவது உங்கள் மூக்கு இல்லை. நுனி உருண்டு, மேலே தூக்கிக்கொண்டு, முகத்துக்கு ஒட்டாமல் இருக்கும். நான் அன்று அழுதேன். இரண்டாம் முறை அழவில்லை, ஏனென்றால் இது வடியும் என்று தெரியும். எலும்புப் பகுதியின் வீக்கம் முதலில் வடியும். நுனியின் வீக்கம் கடைசியில்தான் வடியும். காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கும்.

மூச்சும் இப்படித்தான். உள்ளே வீங்கியிருப்பதால் முதல் சில வாரங்கள் முன்பைவிட மோசமாக இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இரண்டு வாரமாவது மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். தலையை உயர்த்திப் படுங்கள். மூக்குக் கண்ணாடியின் பாரம் நான்கு முதல் ஆறு வாரம் எலும்பின் மேல் விழக் கூடாது. பந்து விளையாட்டும் அடிபடக்கூடிய எதுவும் அதற்கும் மேல் தள்ளிப்போகட்டும். புகைப்பவர்கள் பல வாரங்கள் முன்பே நிறுத்தியாக வேண்டும், நிகோடின் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், தாங்களாக நிறுத்தவேண்டாம். மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, மூலிகை மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பலன் நன்றாக இருக்கிறதா என்று எப்படி அளப்பது? எல்லாம் மனசுதானே?

மனசையும் அளக்க முடியும். மூக்கடைப்பை அளக்க 2004இல் வந்த நோஸ் அளவுகோல் இருக்கிறது. அடைப்பு, மூச்சுத் தடை, மூக்கு வழி மூச்சு விடுவதில் சிரமம், தூக்கத்தில் சிரமம், உடலுழைப்பின்போது போதிய காற்று கிடைக்காமை என ஐந்தே கேள்விகள். மதிப்பெண் 0 முதல் 100 வரை, கூடினால் மோசம். 2018இல் ஷ்நாஸ் என்ற பத்துக் கேள்விப் பட்டியல் வந்தது. அதில் நான்கு அடைப்பைப் பற்றியும் ஆறு தோற்றத்தைப் பற்றியும் கேட்கின்றன. இரண்டையும் ஒரே தாளில் கேட்கவேண்டும் என்று யாரோ நினைத்ததே எனக்குப் பெரிய ஆறுதல்.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை அகாடமியின் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: அறுவைக்கு முன்பே மூச்சுத் தடையைச் சோதிக்க வேண்டும், குறைந்தது 12 மாதம் கழித்துத் தோற்றத்திலும் மூச்சிலும் நோயாளிக்குத் திருப்தியா என்று கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். அறுவைக்கு முன்பே இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதித் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஞாபகத்தை நம்பி ஒப்பிட முடியாது. எனக்கு முதல் அறுவைக்கு முன்பான மதிப்பெண்ணே இல்லை, எவ்வளவு இழந்தேன் என்று சொல்லக்கூட வழியில்லை.

செல்ஃபியில் என் மூக்கு பெரிதாகத் தெரிகிறது. அதனால்தான் யோசிக்கிறேன்.

செல்ஃபியை வைத்து முடிவெடுக்காதீர்கள். சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கின் அடி அகலம், ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுப்பதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அதிகமாகத் தெரியும் என்று 2018இல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். எதிரில் நின்று பேசுபவர் அந்த மூக்கைப் பார்ப்பதில்லை. கணினியில் மாற்றிக் காட்டும் படமும் அப்படியே. பேச்சைத் தொடங்க உதவும். குருத்தெலும்பும் தோலும் அதற்குக் கட்டுப்பட்டவை அல்ல.

ஊசி மூலம் ஃபில்லர் போட்டால் போதாதா?

சிறு பள்ளத்தை நிரப்பலாம், மேட்டைச் சற்று மறைக்கலாம். மூக்கைச் சிறிதாக்க முடியாது, வளைந்த தண்டுக்கு ஒன்றும் செய்யாது. மூக்கின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புள்ளவை. மருந்து குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். ஊசிதானே என்று அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

குறட்டை நிற்குமா? அலர்ஜி போகுமா?

அலர்ஜி போகாது. வழி அகலமானதால் அடைப்பு குறைவாகத் தோன்றலாம். தும்மலும் நீர் வடிதலும் அப்படியே இருக்கும், மருந்து தொடரும். குறட்டை சிலருக்குக் குறையும். தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோய் இருந்தால் மூக்கு அறுவை மட்டும் அதைக் குணப்படுத்துவது அரிது, ஆனால் அந்த நோய்க்காகக் காற்றைச் செலுத்தும் முகமூடிக் கருவியை வைத்துத் தூங்குவது சுலபமாகலாம்.

மூக்குக்குள் இருக்கும் சதை மடிப்புகளை முழுவதும் எடுத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அவை காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துகின்றன. அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட சிலருக்கு வழி விரியத் திறந்திருந்தும் மூச்சு முட்டுவதுபோல இருக்கும்.

என்னென்ன தவறாகப் போகலாம்?

ரத்தக் கசிவு, கிருமித் தொற்று, இரு பக்கமும் ஒன்றுபோல இல்லாமை, தண்டில் ஓட்டை விழுந்து மூச்சு விடும்போது சீட்டி அடிப்பது, உள்ளே சதை ஒட்டிக்கொள்வது, தற்காலிகமாக வாசனை தெரியாமை. மறு அறுவை தேவைப்படுவோர் பத்தில் ஒருவர் அளவில் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கைதேர்ந்தவர்களுக்கும் இது நடக்கிறது.

நிற்காத ரத்தம், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, இரு பக்கமும் ஒரேயடியாக அடைத்து உள்ளே மெத்தென்று உப்புதல், தண்ணீர்போல ஒழுகுதல், பார்வை மங்கல், இவற்றில் எது வந்தாலும் அடுத்த நாள் வரை காத்திருக்காதீர்கள். தண்டில் ரத்தம் கட்டினால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அழிந்துவிடும்.

எந்த வயதில் செய்யலாம்?

முக வளர்ச்சி முடிந்த பிறகு. பெண்களுக்குச் சுமார் 15, 16 வயது; ஆண்களுக்கு ஒன்றிரண்டு ஆண்டுகள் கூட. அடிபட்டு மூச்சே அடைத்துப்போன குழந்தைக்கு விதிவிலக்கு உண்டு. விருப்பம் பிள்ளையுடையதா பெற்றோருடையதா என்பதைத் தனியாக உட்கார்ந்து கேளுங்கள்.

மூக்கு சரியானால் என் வாழ்க்கையே மாறிவிடும் என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்பவர்களிடம் நான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசுவேன். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது மிகச் சிறிதாகத் தெரியும் ஒரு குறையை நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பது, மணிக்கணக்கில் கண்ணாடி பார்ப்பது, அதனால் வெளியே போவதையே தவிர்ப்பது, இவை ஒரு மனநலச் சிக்கலின் அடையாளமாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அந்த நிலையில் செய்யும் அறுவை எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும் துயரம் அப்படியே நிற்கும், அல்லது அடுத்த உறுப்புக்கு நகரும். மருத்துவர் இதைக் கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்கிற மருத்துவர் உங்களுக்காகத்தான் கேட்கிறார்.

முதல் அறுவை சரியாக அமையவில்லை. உடனே திருத்தலாமா?

குறைந்தது ஓர் ஆண்டு பொறுங்கள். வடு இளகி, வீக்கம் வடிந்தால்தான் எது உண்மையான குறை என்று தெரியும். இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினம்: திசு இறுகியிருக்கும், குருத்தெலும்பு குறைந்திருக்கும். அதனால் மறு அறுவைகளில் அனுபவம் உள்ளவரைத் தேடுங்கள். முதல் அறுவையின் குறிப்பேட்டு நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்போது என்ன கேட்பது?

என் உள் வால்வு எப்படி இருக்கிறது? நீங்கள் எடுக்கப்போவது எது, அதற்குப் பதில் தாங்குவதற்கு எதை வைக்கப்போகிறீர்கள்? இரண்டு ஆண்டுகள் கழித்து எடுத்த உங்கள் நோயாளிகளின் படங்கள் உண்டா? நான் கேட்பதில் எது என் மூச்சுக்கு ஆகாது? கடைசிக் கேள்விக்கு ‘எல்லாமே செய்யலாம்’ என்று சட்டென்று பதில் வந்தால் இன்னொரு மருத்துவரையும் பாருங்கள்.

இப்போது உங்கள் மூக்கு எப்படி இருக்கிறது?

முதல் அறுவைக்குப் பின் இருந்ததைவிட நடுவில் சற்று அகலம். முன்னால் இருந்து பார்த்தால் தெரியும். இரண்டாவது அறுவைக்கு முன் என் நோஸ் மதிப்பெண் 75. ஓர் ஆண்டு கழித்து 15. நுனியின் இடது ஓரத்தில் ஓர் இடம் இன்னும் மரத்திருக்கிறது. இரவில் வாயை மூடிக்கொண்டு தூங்குகிறேன்.